வேண்டியதை மட்டும் காட்டும் போர்டு



மும்பையில் தாதர் என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு அங்கே கால் வைக்க இடம் இருக்காது. மும்பையில் ஒரு நாளைக்கு 3,000-க்கும் அதிகமான உள்ளூர் ரயில்கள் ஓடுகின்றன. அத்தனை ரயில்களின் நேரத்தையும் அச்சிட்டால் ஒரு புத்தகமே ஆகிவிடும். ஆனால் பிளாட்பாரத்துக்கு மேலே தொங்கும் போர்டில் அந்தப் புத்தகம் இல்லை. அந்தப் பிளாட்பாரத்துக்கு அடுத்து வரப்போகும் வண்டியின் விவரம்தான் இருக்கிறது. வண்டி எந்த ஊருக்குப் போகிறது? எப்போது வரும்? எல்லா நிலையத்திலும் நிற்குமா, விரைவு வண்டியா? பன்னிரண்டு பெட்டியா, பதினைந்து பெட்டியா? இவ்வளவுதான். வண்டி வந்து போனதும் எழுத்துகள் மாறிவிடும். மராத்தி, இந்தி, ஆங்கிலம் என்று மொழியும் மாறி மாறி வரும்.

பெட்டியின் எண்ணிக்கை எதற்கு என்று தோன்றலாம். பதினைந்து பெட்டி வண்டி நீளமானது. அதன் கடைசிப் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்று தெரிந்தால்தான் அங்கே போய் நிற்க முடியும். வண்டி நிற்பதோ அரை நிமிடம்கூட இல்லை. கையில் பையும் இடுப்பில் குழந்தையுமாக நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒரு எண் மிகவும் முக்கியம். நாளைக் காலை வண்டியின் நேரம் அவருக்கு இப்போது வேண்டாம்.

கூட்ட நெரிசல் எல்லோருக்கும் தெரியும். அதுபோலச் செய்தி நெரிசல் என்றும் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்? ஐந்து பேர் சொன்னதும் காதில் விழும். ஒன்றும் மனதில் நிற்காது. ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் இதைப் பற்றி 1956-இல் எழுதினார். ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஏழு விஷயங்களைத்தான் மனதில் பிடித்து வைக்க முடியும் என்றார். பின்னால் வந்தவர்கள் ஏழுகூட இல்லை, நான்குதான் என்றார்கள். படித்தவருக்கும் அப்படித்தான். இப்போதுதான் படிக்கக் கற்றவருக்கும் அப்படித்தான்.  இதை நன்றாக நினைவில் வையுங்கள். ஏனென்றால் ஒரு திரையில் நிறைய எழுத்துகளைப் பார்த்துத் தடுமாறும்போது, "எனக்குப் படிப்பு போதாது" என்று பலர் தங்களையே குறை சொல்லிக்கொள்கிறார்கள். பல நேரங்களில் குறை திரையில்தான் இருக்கிறது.

நன்றாகப் படித்து, பயிற்சியும் பெற்றவர்கள் செய்தி நெரிசலில் சிக்கித் தவித்த கதை ஒன்று உண்டு. கதை என்றாலும் உண்மையாக நடந்தது.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஆறு ஓடுகிறது. அதன் நடுவே ஒரு தீவு. பெயர் திரீ மைல் ஐலண்ட். அங்கே அணு மின் நிலையம் கட்டியிருந்தார்கள். அணு உலையில் பெரும் வெப்பம் உண்டாகும். அந்த வெப்பத்தால் நீராவி உண்டாக்கி மின்சாரம் எடுப்பார்கள். உலையைச் சுற்றி எப்போதும் தண்ணீர் ஓட வேண்டும். உலையை நிறுத்திய பிறகும் சூடு உடனே ஆறாது. அடுப்பை அணைத்த பிறகும் கல் சுடுவதுபோல. அதனால் நிறுத்திய பிறகும் தண்ணீர் வேண்டும்.

1979-ஆம் ஆண்டு மார்ச் 28. விடியற்காலை நான்கு மணி. தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றுபோயின. உலை தானாகவே நின்றுவிட்டது. அதுவரை எல்லாம் சரியாகத்தான் நடந்தது. உள்ளே அழுத்தம் கூடியதால் ஒரு வால்வு திறந்துகொண்டது. பிரஷர் குக்கரில் வெயிட் தூக்குவது போன்றதுதான் இது. அழுத்தம் குறைந்ததும் அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலைக்கு வேண்டிய தண்ணீர் அந்த வழியாக வெளியே போய்க்கொண்டே இருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு இது தெரியவில்லை. ஏன்? அங்கே அந்த வால்வுக்கு ஒரு விளக்கு இருந்தது. விளக்கு அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த விளக்கு வால்வைப் பார்த்து எரியவில்லை. "மூடு" என்று உத்தரவு போனதும் அணைந்துவிடும். உத்தரவு போயிற்று. விளக்கு அணைந்தது. வால்வு மூடவில்லை. வேலைக்காரரிடம் கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, கதவு சாத்தியாயிற்று என்று கணக்கில் எழுதுவது போன்ற வேலை இது.

இதற்குள் அறை முழுவதும் அபாய மணிகள் அடிக்கத் தொடங்கின. முதல் சில நிமிடங்களில் 100-க்கும் அதிகமான எச்சரிக்கைகள். சுவர் முழுவதும் விளக்குகள் மின்னின. எது பெரிய ஆபத்து, எது சின்ன விஷயம் என்று பிரித்துச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. எல்லா மணியும் ஒரே மாதிரி கத்தின. வெளியேறும் தண்ணீர் ஒரு தொட்டியில் நிறைந்துகொண்டிருந்தது. அந்தத் தொட்டியின் அளவைக் காட்டும் கருவி எங்கே இருந்தது தெரியுமா? முன்னால் இருந்த பலகையில் இல்லை. பலகைக்குப் பின்புறம் இருந்தது! இன்னொரு விளக்கை, பழுது பார்த்தவர்கள் கட்டிவிட்டுப் போன ஒரு மஞ்சள் அட்டை மறைத்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கைகளைத் தாளில் அச்சிடும் இயந்திரமும் ஒன்று இருந்தது. செய்திகள் குவியக் குவிய அது பின்தங்கியது. இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நடந்ததை அது நிதானமாக அச்சிட்டுக்கொண்டிருந்தது.

உலைக்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதுதான் அன்றைக்கு வேண்டிய ஒரே செய்தி. அதை நேராகக் காட்டும் கருவி எதுவும் இல்லை. வேறொரு கருவியைப் பார்த்து, தண்ணீர் அதிகமாக இருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். தானாகவே வந்துகொண்டிருந்த தண்ணீரையும் குறைத்துவிட்டார்கள். இரண்டு மணி இருபது நிமிடம் ஆன பிறகுதான் ஒருவர் சந்தேகப்பட்டு மாற்று வால்வை மூடச் செய்தார். அதற்குள் உலையின் மையத்தில் ஏறக்குறைய பாதி உருகிவிட்டது. உலையைச் சுற்றியிருந்த கனமான கட்டடம் காப்பாற்றியது. அந்த உலை அதன் பிறகு ஒரு நாளும் இயங்கவில்லை.

ஜான் கெமெனி என்ற கணிதப் பேராசிரியர் தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். ஊழியர்களின் தவறுகளை அந்தக் குழு சொன்னது. அதோடு நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அறை அமைந்திருந்த விதமே அவர்களைக் குழப்பியது என்றும் சொன்னது. இதைச் சொன்னது பெரிய காரியம். பொதுவாக இயந்திரம் கெட்டால் அதன் அருகில் நின்றவர் மேல்தான் பழி விழும்.

பிறகு என்ன செய்தார்கள்? அமெரிக்காவின் அணு மின் நிலையங்களில் தனியாக ஒரு காட்சித் திரை வைக்கச் சொன்னார்கள். உலை பாதுகாப்பாக இருக்கிறதா என்பதை அறிய வேண்டிய சில முக்கிய அளவுகள் மட்டும் அதில் ஒரே இடத்தில் தெரியும். மற்ற விளக்குகளும் முள்களும் இருந்த இடத்தில் இருக்கட்டும். ஆபத்து நேரத்தில் கண் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

விமானத்திலும் இதே தொல்லை இருந்தது. பழைய ஜம்போ விமானத்தில் ஓட்டுபவர்கள் உட்காரும் அறைக்குள் விளக்கு, முள், ஸ்விட்ச் எல்லாம் சேர்த்து 971 இருந்தன. இரண்டு விமானிகள் போதாது. முள்களைப் பார்த்துக்கொள்ளவே மூன்றாவதாக ஒரு பொறியாளர் உட்கார்ந்திருந்தார். 1989-இல் போயிங் 747-400 என்ற புதிய ஜம்போ ஓடத் தொடங்கியது. அதில் 971 என்பது 365 ஆகக் குறைந்தது. கண்ணாடித் திரைகள் வந்தன. நம் ஏர் இந்தியாவும் 1993 முதல் இந்த விமானத்தை ஓட்டியது. இரண்டு பேரே போதும் என்றாயிற்று. மூன்றாவது ஆளின் வேலை போயிற்று என்பதும் உண்மை. இயந்திரத்தின் நன்மையைப் பேசும்போது பலரும் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்தத் திரைகளின் புத்திசாலித்தனம் எதில் இருக்கிறது? நேரம் பார்த்துப் பேசுவதில் இருக்கிறது. விமானம் ஓடுபாதையில் வேகமாக ஓடி மேலே எழும்பும் நேரம் மிகவும் நுட்பமானது. அந்தச் சில வினாடிகளில், அவசரம் இல்லாத எச்சரிக்கைகளைத் திரை தன்னிடமே வைத்துக்கொள்கிறது. விமானம் எழும்பிக் கொஞ்சம் உயரம் போனதும் சொல்கிறது. வண்டியில் பாலம் கடக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் வாய் மூடி இருப்பதுபோல. ஏர்பஸ் விமானங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலான விளக்குகள் எரியாது. இருட்டாக இருந்தால் நல்லது என்று பொருள்.

ஆனாலும் திரையை நம்பிக் கண்ணை மூடிவிட முடியாது. 2010 நவம்பர் 4 அன்று குவாண்டாஸ் நிறுவனத்தின் பெரிய ஏர்பஸ் விமானம் சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. அதில் 469 பேர் இருந்தார்கள். கிளம்பிய சில நிமிடங்களில் ஓர் இன்ஜின் வெடித்துச் சிதறியது. துண்டுகள் இறக்கையைத் துளைத்தன. பல கருவிகள் ஒரே நேரத்தில் கெட்டன. திரை தன் வழக்கப்படி ஒவ்வொரு பழுதாக வரிசையில் காட்டத் தொடங்கியது. ஒன்றைச் சரிபார்த்தால் அடுத்தது வரும். அதைப் பார்த்தால் இன்னொன்று. வரிசையை முடிக்க ஏறக்குறைய 50 நிமிடம் ஆயிற்று. அன்று தற்செயலாக அங்கே ஐந்து விமானிகள் இருந்தார்கள். அது பெரிய உதவியாக இருந்தது. கெட்டது என்ன என்று எண்ணிக்கொண்டே இருந்த தலைமை விமானி ஒரு கட்டத்தில் கேள்வியை மாற்றினார். இன்னும் நன்றாக இருப்பது எது? அதை வைத்து இறங்க முடியுமா? அப்படி யோசித்துச் சிங்கப்பூரிலேயே இறக்கினார். ஒருவருக்கும் காயம் இல்லை. ஒரு நேரத்தில் ஓரிரண்டு பழுது வரும் என்று நினைத்துச் செய்த திரை அது. அத்தனையும் ஒன்றாக வந்தபோது, எதைக் கவனிப்பது என்று மனிதர்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

அணு உலையும் விமானமும் தூரத்து விஷயம் என்று நினைக்க வேண்டாம். பேங்கின் ஏ.டி.எம். இயந்திரத்தைப் பாருங்கள். இந்தியாவில் முதல் ஏ.டி.எம். 1987-இல் மும்பையில் வந்தது. இன்று சின்ன ஊர்களிலும் இருக்கிறது. பேங்குக்குள் போனால் எத்தனை ஜன்னல், எத்தனை படிவம்! ஏ.டி.எம். திரை ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்கிறது. எந்த மொழி? ரகசிய எண் என்ன? எவ்வளவு பணம்? ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால்தான் அடுத்த கேள்வி வரும். மொழியை முதலிலேயே கேட்பது நல்ல ஏற்பாடு. தெரியாத மொழியில் நான்கு கேள்வி கேட்டுவிட்டு ஐந்தாவதாக மொழியைக் கேட்டு என்ன பயன்? ரகசிய எண்ணை அழுத்தும்போது திரையில் எண் தெரியாது. புள்ளியோ நட்சத்திரமோதான் தெரியும். பின்னால் நிற்பவர் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அதை மறைக்கிறார்கள். இந்த மறைப்பு வாடிக்கையாளரின் நன்மைக்கு.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார். தாதர் நிலையத்தில் ரயில்வேக்காரர் தீர்மானித்தார். ஏ.டி.எம்.மில் பேங்க் தீர்மானித்தது. தீர்மானிப்பவர் பொருள் விற்பவராக இருந்தால்?

செல்போனில் ஒரு டிக்கெட் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் திரையில் 400 ரூபாய் என்று பெரிதாக இருக்கிறது. அடுத்து, அதற்கடுத்து என்று அழுத்திக்கொண்டே போனால் கடைசித் திரையில் 480 ரூபாய். நடுவில் ஏதோ கட்டணம் சேர்ந்துவிட்டது. அல்லது கேட்காத இன்சூரன்ஸ் ஒன்று தானாகவே டிக் செய்யப்பட்டிருக்கிறது. திரை சுத்தமாக, எளிமையாகத்தான் இருந்தது. ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்டது. ஆனால் வேண்டிய செய்தியைக் கடைசி வரை சொல்லவில்லை.

இப்படிப்பட்ட தந்திரங்களைத் தடுக்க மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று விதிகள் கொண்டுவந்தது. 13 வகைத் தந்திரங்களை அதில் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள். கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது ஒன்று. விலையைத் துளித்துளியாக ஏற்றுவது ஒன்று. ஏமாந்தவர்கள் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

கடன் விஷயத்தில்தான் இது மிகவும் கடுமையாக இருக்கும். கடன் பத்திரம் இருபது பக்கம் இருக்கும். சின்னச் சின்ன எழுத்து. "இங்கே, இங்கே, இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். இருபது பக்கத்திலும் எல்லாம் எழுதித்தான் இருக்கிறது. ஒன்றையும் மறைக்கவில்லை என்று அவர்கள் சொல்லலாம். ஆனால் திரீ மைல் ஐலண்டில் நடந்தது என்ன? நூறு மணி ஒன்றாக அடித்தால் ஒரு மணியும் அடிக்காததற்குச் சமம். அதுதான் இங்கேயும் நடக்கிறது.

ரிசர்வ் பேங்க் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது. தனி மனிதர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் கொடுக்கும் கடனுக்கு, முக்கியமான விவரங்களை மட்டும் பிரித்தெடுத்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். அதற்குக் கீ ஃபேக்ட் ஸ்டேட்மெண்ட் என்று பெயர். முக்கிய விவர அறிக்கை என்று தமிழில் சொல்லலாம். செல்போன் வழியாகக் கொடுக்கும் கடனுக்கு 2022-இல் இந்த விதி வந்தது. 2024 அக்டோபர் 1 முதல், இப்படிப்பட்ட புதிய கடன்கள் எல்லாவற்றுக்கும் உண்டு. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது ஒரு எண். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டும் எண். ஆங்கிலத்தில் ஏ.பி.ஆர். என்று போட்டிருப்பார்கள். ஒரு கணக்குப் பார்ப்போம். 10,000 ரூபாய் கடன். வட்டி நூற்றுக்கு 12. ஒரு வருடம் கழித்து மொத்தமாக 11,200 ரூபாய் கட்ட வேண்டும். ஆனால் 500 ரூபாய் கட்டணம் பிடித்துக்கொண்டு கையில் 9,500 ரூபாய்தான் கொடுக்கிறார்கள். கையில் வந்தது 9,500. திருப்பிக் கட்டுவது 11,200. அதிகமாகக் கட்டுவது 1,700 ரூபாய். அப்படியானால் உண்மையில் நூற்றுக்கு 12 அல்ல. ஏறக்குறைய 18. இந்தப் பதினெட்டுதான் அந்தத் தாளில் இருக்க வேண்டும். பன்னிரண்டை மட்டும் சொன்னால் கேள்வி கேளுங்கள்.

அந்தத் தாளில் சொல்லாத கட்டணம் எதையும், கடன் வாங்கியவர் தெளிவாகச் சம்மதிக்காமல் பின்னால் வாங்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு. ஏழு நாளோ அதற்கு மேலோ தவணை உள்ள கடன் என்றால், தாளைக் கொடுத்த பிறகு குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் தர வேண்டும். அந்த மூன்று நாளில் வாங்குபவர் சரி என்று சொன்னால், தாளில் எழுதியபடியேதான் கடன் கொடுக்க வேண்டும். எனவே அங்கேயே நின்று கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. தாளை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். எழுத்துக் கூட்டி நிதானமாகப் படிக்கலாம். பிள்ளைகளை விட்டுக் கணக்குப் போடச் சொல்லலாம்.